காகிதம் கேட்கும் நாடு: செனகல் சினிமாவில் தங்கிப் பார்த்தல்

1934-இல் பிரான்சின் காலனி அமைச்சராக இருந்த பியேர் லாவால் ஓர் ஆணை பிறப்பித்தார். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் படம் எடுக்க விரும்பும் எவரும் முதலில் நிர்வாகத்திடம் கதையைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். கேமரா பிடித்த ஆப்பிரிக்கர் அப்போது அங்கே யாரும் இல்லை. அப்படி ஒருவர் உருவாவதற்கான வழியையும் அந்த ஆணை அடைத்தது. 1949-இல் பள்ளிகளுக்கான கல்விப் படம் எடுக்க அனுப்பப்பட்ட ரெனே வோத்தியே என்ற இளம் பிரெஞ்சுக்காரர், அங்கே கண்ட அடக்குமுறையை 'ஆஃப்ரிக் 50' என்ற படமாக்கினார். அதற்காக அவர் சிறைக்குப் போனார்; படம் பிரான்சில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தடையில் கிடந்தது. பாரிஸ் திரைப்படக் கல்லூரியில் படித்துத் தேறிய முதல் ஆப்பிரிக்கரான பொலேன் சூமானு வியேராவுக்கும் சொந்த மண்ணில் படமெடுக்க அனுமதி கிடைக்கவில்லை. 1955-இல் அவரும் நண்பர்களும் பாரிசில் வாழும் ஆப்பிரிக்க மாணவர்களைப் படம் பிடித்தார்கள். ஆப்பிரிக்கர் எடுத்த தொடக்ககாலப் படங்களில் ஒன்றான 'ஆஃப்ரிக் சூர் சேன்' ஆப்பிரிக்காவில் எடுக்கப்படாததன் காரணம் இதுதான்.

அறியாத நாட்டின் படத்தைப் பார்க்க உட்காரும்போது அதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு நிற்கிறது. அதை அறியாமலும் படம் நம்மைத் தொடலாம். ஆனால் தொட்டது நாடா, நாட்டைப் பற்றி நமக்கு முன்பே இருந்த எண்ணமா என்று பிரித்தறிய முடியாது.

உலக சினிமா பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாட்டுக்கு ஒரு படம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வரைபடத்தை நிரப்புவார்கள். ஈரானுக்குக் கியாரொஸ்தாமி, செனகலுக்குச் செம்பேன், மொரிட்டானியாவுக்குச் சிசாகோ. தொடக்கத்துக்கு இது நல்ல வழி. ஹாலிவுட்டுக்கு அப்பாலும் சினிமா இருக்கிறது என்று தெரியவாவது செய்யும். அதற்கு மேல் இது கொண்டுபோகாது என்பது என் முடிவு. ஒரே ஒரு படம் மட்டும் பார்த்தால், அதில் வரும் மனிதர்கள் எல்லோரும் தங்கள் நாட்டின் பிரதிநிதிகளாக ஆகிவிடுகிறார்கள். ஒரு பிடிவாதக்காரக் கிழவர் 'செனகல் கிழவர்' ஆகிவிடுகிறார். அதே நாட்டின் நாலைந்து படங்களைப் பார்த்த பிறகுதான் அவர் தனி மனிதராகிறார். எது அவருடைய குணம், எது ஊரின் பழக்கம், எது இயக்குநரின் வாதம் என்று கண்ணுக்குப் பிடிபடத் தொடங்குகிறது. பத்து நாடுகளில் பத்துப் படம் பார்ப்பதைவிட ஒரு நாட்டில் பத்துப் படம் பார்ப்பது நம்மை அதிக தூரம் அழைத்துச் செல்லும். செனகலை வைத்தே இதைக் காட்டலாம்.

ஊஸ்மான் செம்பேன் 1923-இல் செனகலின் தென்பகுதியில் உள்ள ஸிகின்ஷோரில் ஒரு மீனவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்டார். போருக்குப் பிறகு கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி மார்செய் துறைமுகத்துக்குப் போய் மூட்டை தூக்கினார். அங்கேதான் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், சங்க நூலகத்தில் படிக்கத் தொடங்கினார். முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்திருந்த காலம் அவரை எழுத்தின் பக்கம் தள்ளியது. 1956-இல் துறைமுகத் தொழிலாளியைப் பற்றிய முதல் நாவல். 1960-இல் டக்கார்–நைஜர் ரயில் தொழிலாளர்களின் 1947-48 வேலைநிறுத்தத்தைப் பற்றிய பெரும் நாவல். பிரெஞ்சில் எழுதிய அந்த நூல்கள் புகழ் கொடுத்தன. ஆனால் அந்த ரயில்வே தொழிலாளியின் மனைவியால் அவற்றைப் படிக்க முடியாது என்பது செம்பேனை அரித்துக்கொண்டே இருந்தது. சினிமாவை அவர் மக்களுக்கான இரவுப் பள்ளி என்று சொல்வார். நாற்பது வயதை நெருங்கும்போது, 1962-இல், மாஸ்கோவின் கார்க்கி ஸ்டுடியோவில் மார்க் தன்ஸ்காயிடம் படமெடுக்கக் கற்று, ஒரு பழைய சோவியத் கேமராவுடன் ஊர் திரும்பினார்.

அவருடைய முதல் படமான 'பொரோம் சரெட்' (1963) இருபது நிமிடம்தான் ஓடும். டக்காரில் குதிரை வண்டி ஓட்டுபவரின் ஒரு நாள். பலரை ஏற்றுகிறார், பலர் காசு கொடுப்பதில்லை. ஒருவர் இறந்த குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்கு வருகிறார். வாயிலில் இருப்பவர் காகிதங்களைப் பார்க்கிறார். சரியில்லை என்று உள்ளே விட மறுக்கிறார். வண்டிக்காரர் குழந்தையின் உடலைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறார். பிறகு, வண்டிகள் நுழையக் கூடாத மேட்டுக்குடிப் பகுதிக்கு ஒருவரை அழைத்துப் போகும்போது காவலரிடம் மாட்டுகிறார். கீழே விழுந்த அவருடைய போர்ப் பதக்கத்தின் மேல் காவலரின் பூட்ஸ் கால் இருக்கிறது.

இந்தப் படத்தை மட்டும் பார்த்தால் வறுமையைப் பற்றிய படம் என்று சொல்லிவிடலாம். அடுத்த இரண்டு படங்களைப் பார்த்த பிறகு இடுகாட்டு வாயில் வேறு விதமாகத் தெரிகிறது.

'லா நுவார் த...' (1966), அதாவது இன்னாருடைய கறுப்புப் பெண், ஒரு மணி நேரப் படம். டக்காரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த தியுவானா, தன் பிரெஞ்சு முதலாளிகளுடன் பிரான்சின் தென்கடற்கரையில் இருக்கும் ஆண்டிப் நகருக்குப் போகிறாள். அங்கே சமையல், துடைத்தல், பாத்திரம் என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் அடைபடுகிறாள். ஊரிலிருந்து அம்மாவின் பெயரில் ஒரு கடிதம் வருகிறது. முதலாளி அதைப் படித்துக் காட்டுகிறார். தியுவானா சொல்வதற்குக் காத்திராமல் அவள் பெயரில் பதிலையும் தானே எழுதத் தொடங்குகிறார். அவள் அந்தக் கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போடுகிறாள். படத்தில் அவளுடைய முதல் வெளிப்படையான மறுப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன். 1958-இல் பிரெஞ்சுச் செய்தித்தாளில் வந்த ஒரு தற்கொலைச் செய்திதான் செம்பேனின் கதைக்கு மூலம். படத்தின் முடிவும் அங்கேயே செல்கிறது.

மூன்றாவது 'மந்தாபி' (1968), மணியார்டர். தமிழ் வாசகர் ஒருவர் செனகல் சினிமாவுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. வேலையில்லாத இப்ராஹிமா தியெங்குக்கு இரண்டு மனைவிகள், ஏழு குழந்தைகள். பாரிசில் தெருக் கூட்டும் உறவுப் பையன் 25,000 ஃபிராங்க் அனுப்புகிறான்: 20,000 தனக்காகச் சேர்த்து வைக்க, 3,000 தன் அம்மாவுக்கு, 2,000 தியெங்குக்கு. பணம் வரும் செய்தி வந்த அன்றே தெருவில் எல்லோரும் கடன் கேட்கிறார்கள். மனைவிகள் கடையில் அரிசியும் எண்ணெயும் கடனுக்கு வாங்கிவிடுகிறார்கள். அஞ்சலகத்தில் பணத்தை எடுக்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், புகைப்படம் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்குப் பிறந்த தேதி வேண்டும். தியெங் பிறந்த நாளை யார் எழுதி வைத்தார்கள்? அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் படித்த உறவினன் ஒருவனிடம் ஏமாறுகிறார்.

இப்போது முதல் படத்தின் இடுகாட்டு வாயிலை நினைத்துப் பாருங்கள். இறந்த குழந்தையைப் புதைக்கக் காகிதம்; உயிரோடு இருப்பவர் தான் இருப்பதை நிரூபிக்கக் காகிதம்; தாய்க்கும் மகளுக்கும் இடையில் அடுத்தவர் எழுதும் காகிதம். எழுத்தாளராக இருந்து, தன் மக்களால் படிக்க முடியாத எழுத்தை விட்டுச் சினிமாவுக்கு வந்தவர் செம்பேன். எழுதப்பட்ட தாள் அவருடைய படங்களில் எப்போதும் யாரோ ஒருவர் கையில் இருக்கும் அதிகாரம். மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்க்காமல் இந்த இழை கண்ணில் படாது.

அது செம்பேனின் தனிப்பட்ட கவலை மட்டுமல்ல. சேன் லூயி, கோரே, ருஃபிஸ்க், டக்கார் என்ற நான்கு நகரங்களில் பிறந்தவர்களுக்குப் பிரெஞ்சு ஆட்சியில் குடியுரிமை இருந்தது. அந்த எல்லைக்கு வெளியே பிறந்தவர் வெறும் குடிபடை. ஒருவர் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்வார், கட்டாய உழைப்புக்கு இழுக்கப்படுவாரா என்பதைப் பிறந்த இடத்தின் பதிவு முடிவு செய்தது. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு இது புதிய கதை அல்ல. 1881-இல் வந்த ஆணைப்படி தங்கள் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு முறையில் குடும்பப் பெயர் சூடியவர்களுக்கு ஒரு நிலை, மற்றவர்களுக்கு வேறு நிலை. 1962-இல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கைமாற்றிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அந்த ஆறு மாதத்தில் எழுதிக் கொடுத்தவர், கொடுக்காதவர் என்று குடும்பங்கள் பிரிந்தன. செனகலுக்கும் புதுச்சேரிக்கும் இதைவிடப் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரி நீலம் ஏற்றிய துணி 'கினே' என்ற பெயரில் கப்பலேறி செனகல் ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே கருவேலம் பிசின் வாங்க அந்த நீலத் துணிதான் பணமாகப் புழங்கியது. நம் ஊர்ச் சாயக்காரரின் உழைப்பு அந்த ஆற்றங்கரையில் நாணயமாக இருந்தது என்று அறிந்த பிறகு செனகலை 'அறியாத நாடு' என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அறியாமல் விடப்பட்ட நாடு என்பதே பொருத்தம்.

ஆனாலும் எச்சரிக்கை வேண்டும். 'மந்தாபி' நம் வீட்டுக் கதை போலவே இருக்கிறது என்று மகிழ்ந்து நிறுத்திவிட்டால் படத்தின் பாதி தவறிவிடும். தியெங் கையில் இல்லாத பணத்தைப் பிறருக்குக் கொடுப்பது வெறும் வீம்பு இல்லை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்ற மத நெறியும், கொடுப்பவன் என்ற பெயரில் நிற்கும் ஆணின் மதிப்பும் அதில் பின்னிக் கிடக்கின்றன. மெத்தி, அரம் என்ற இரு மனைவிகளும் கணவர் முன் தாழ்ந்து பேசிக்கொண்டே குடும்பத்தின் கடனையும் அக்கம்பக்கத்தாரையும் தாங்களே சமாளிக்கிறார்கள். இருவருக்கும் இடையில் பூசல் வரும் என்று எதிர்பார்த்து உட்காரும் பார்வையாளர் ஏமாறுவார். தெரிந்த கதை என்று தோன்றும் இடத்தில்தான் மெதுவாகப் பார்க்க வேண்டும்.

மொழி விஷயத்தில் இந்த மெதுவான பார்வை இன்னும் அவசியம். 'லா நுவார் த...' படத்தில் தியுவானா மனத்துக்குள் பேசுவது பிரெஞ்சில். எழுத்தறியாத அந்தப் பெண் தன் தாய்மொழியான வொலோஃபில்தான் நினைத்திருப்பாள். அவள் குரலாக ஒலிப்பது ஹைத்தியில் பிறந்த டோட்டோ பிசாந்த் என்ற பாடகி-நடிகையின் குரல். திரையில் தெரியும் ம்பிஸ்ஸின் தெரேஸ் தியோப்பின் குரல் அது அல்ல. பிரெஞ்சு உதவியோடு எடுக்கும் படம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்ற சூழலின் தழும்பு அது. 'மந்தாபி'க்குப் பிரான்சின் தேசிய சினிமா மையம் முன்பணம் கொடுத்தபோது செம்பேன் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு முறை எடுத்தார்: பிரெஞ்சில் ஒன்று, வொலோஃபில் ஒன்று. வொலோஃப் பதிப்புதான் அந்த மொழியில் வந்த முதல் முழுநீளப் படம்.

நமக்குக் கிடைக்கும் பிரதிகளில் சப்டைட்டில் ஆங்கிலத்தில் வரும். வொலோஃபில் பேசினாலும் பிரெஞ்சில் பேசினாலும் கீழே ஓடுவது ஒரே ஆங்கிலம். ஆகவே படிப்பதோடு கேட்கவும் வேண்டும். 'ஹாலா' (1975) படத்தில் இதைக் கேட்காவிட்டால் கதையே நழுவும். புதிய ஆளும் வர்க்கத்தைச் சேர்ந்த வணிகர் எல் ஹாஜி மூன்றாவது திருமணம் செய்துகொள்கிறார். முதலிரவில் ஆண்மை இழந்திருப்பதைக் கண்டு பதறுகிறார். அவருடைய மகள் ராமா, அப்பா பிரெஞ்சில் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் வொலோஃபில் பதில் சொல்கிறாள், அப்பா எரிச்சலடைகிறார். படத்தின் பின்பகுதியில், வணிகர் சங்கத்திலிருந்து தூக்கி எறியப்படும் நேரத்தில், அவரே வொலோஃபில் பேச அனுமதி கேட்கிறார். பிரெஞ்சில்தான் பேச வேண்டும் என்று சங்கம் மறுக்கிறது. மகளிடம் எரிந்து விழுந்தவருக்கு நெருக்கடியில் தாய்மொழி தேவைப்படுகிறது. இந்த இரண்டு மொழியும் தெரியாத பார்வையாளர்கூட ஒலி வேறுபாட்டைக் காதால் பிடிக்க முடியும். இரண்டு படங்களுக்குள் வொலோஃபின் தாளம் பழகிவிடும்.

'ஹாலா'வைச் செனகல் தணிக்கைத் துறை பல இடங்களில் வெட்டியது. எந்தெந்தக் காட்சிகள் வெட்டப்பட்டன என்று துண்டறிக்கை அச்சிட்டு மக்களிடம் கொடுத்தார் செம்பேன். அடுத்த படமான 'செத்தோ' (1977), இஸ்லாத்துக்குக் கட்டாயமாக மாற்றப்படுவதை எதிர்த்த மக்களின் கதை. அதை அதிபர் லெயோபோல் செங்கோர் தடை செய்தார். வெளியே சொன்ன காரணம் தலைப்பின் எழுத்துக்கூட்டல்: அரசின் வொலோஃப் இலக்கண விதிப்படி அதில் ஒரு எழுத்து கூடுதல் என்றார்கள். செம்பேன் எழுத்தை மாற்ற மறுத்தார். செங்கோர் பதவியில் இருந்தவரை படம் செனகலில் திரைக்கு வரவில்லை. செங்கோர் பெரிய கவிஞர், ஆப்பிரிக்க அடையாளத்தைப் பாடியவர். அந்தப் பெருமையைக் குறைக்காமலே சொல்லலாம்: தன் நாட்டின் மிகச் சிறந்த திரைக் கலைஞரை அவர் நடத்திய விதம் அநீதியானது.

தடை ஒரு பக்கம் இருக்க, படங்களின் பணமும் வழியும் இன்னொரு பெரிய கதை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1963-இல், பிரெஞ்சு அரசு தன் ஒத்துழைப்பு அமைச்சகத்தில் ஒரு சினிமா அலுவலகத்தைத் திறந்தது. பிரெஞ்சு மொழி ஆப்பிரிக்க நாடுகளின் பெரும்பாலான படங்கள் அதன் பணத்திலும் படத்தொகுப்பு வசதியிலும் உருவாயின. 'லா நுவார் த...' கதையை அந்த அலுவலகம் நிராகரித்தது. படம் முடிந்து ழான் விகோ விருது பெற்ற பிறகு வணிகமல்லாத திரையிடல் உரிமையை அதே அலுவலகம் வாங்கிக்கொண்டது. திரையரங்குகள் கொமாசிகோ, செக்மா என்ற இரண்டு பிரெஞ்சு நிறுவனங்களின் பிடியில் இருந்தன. அவை அமெரிக்க, பிரெஞ்சு, எகிப்தியப் படங்களையும் இந்திப் படங்களையும் திரையிட்டன. டக்கார் மக்களுக்கு இந்திப் பாட்டுகள் மனப்பாடம். செனகல் படங்களைப் பார்க்க வாய்ப்பு குறைவு. 1970-இல் அப்பர் வோல்ட்டா, இன்றைய புர்கினா ஃபாசோ, திரையரங்குகளை நாட்டுடைமை ஆக்கியதும் அந்த நிறுவனங்கள் படம் தர மறுத்தன. அதற்கு முந்திய ஆண்டு தலைநகர் வாகடூகூவில் தொடங்கிய திரைவிழாதான் இன்று இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் ஃபெஸ்பாகோ. அடுக்கி வைத்த ஃபிலிம் சுருள் வடிவில் இயக்குநர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பிய நகரம் அது.

செம்பேன் தன் படப்பெட்டியையும் புரொஜெக்டரையும் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனதற்கும் இதுவே பின்னணி. திரையிட்ட பிறகு ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து விவாதிப்பார். ஒரு படம் எந்த நாட்டுடையது என்று கேட்கும்போது யார் எடுத்தது என்பதோடு யார் கொடுத்த பணம், எந்த ஊரில் முதலில் திரையிட்டார்கள், அதன் நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்பவற்றையும் கேட்க வேண்டும். ஆப்பிரிக்கப் படங்களின் நெகட்டிவ்கள் பல பிரெஞ்சு ஆய்வகங்களில் கிடந்தன. மார்ட்டின் ஸ்கோர்செசி 2007-இல் தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளையும் இத்தாலியின் பொலோஞா ஆய்வகமும் மீட்டுச் சீரமைத்த பிறகே அவற்றில் சிலவற்றை நம்மால் தெளிவான உருவில் பார்க்க முடிகிறது. எது மீட்கப்படுகிறதோ அதுவே உலக சினிமா ஆகிவிடுகிறது. மீட்கப்படாதவற்றைத் தேடிப் போகும் பொறுப்பு பார்வையாளருக்கும் உண்டு.

செம்பேனை மட்டும் பார்த்துவிட்டு செனகலை விட்டுக் கிளம்பக் கூடாது. அவருக்கு எதிர்த்திசையில் நின்ற ஜிப்ரில் டியோப் மாம்பெட்டியைப் பார்த்தாக வேண்டும். செம்பேன் தெளிவாகச் சொல்வார். மாம்பெட்டி வெட்டித் தாவுவார். 'டூக்கி பூக்கி' (1973) படத்தில் மாடு மேய்த்த மோரியும் பல்கலைக்கழக மாணவி அந்தாவும் பாரிசுக்குப் போகும் கனவில் ஊரைச் சுற்றுகிறார்கள். மோரியின் மோட்டார் சைக்கிளில் மாட்டுக் கொம்புள்ள மண்டையோடு கட்டியிருக்கும். பாரிசைப் புகழும் ஜோசஃபின் பேக்கரின் பாட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. மாடு வெட்டும் காட்சிகள் நேரடியானவை, பார்க்கக் கடினமானவை. கப்பல் கிளம்பும்போது அந்தா ஏறிவிடுகிறாள். மோரி படியிலிருந்து இறங்கி நகருக்குள் ஓடுகிறான். தியுவானா பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தாள், மோரி போகவில்லை. ஏழு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு படங்கள் ஒரே கேள்விக்கு இரண்டு விடை தருகின்றன.

மாம்பெட்டி பல ஆண்டுகள் படமெடுக்காமல் இருந்தார். 1992-இல் சுவிஸ் நாடகாசிரியர் டியூரன்மாட்டின் நாடகத்தை எடுத்துத் தன் சொந்த ஊரான கொலோபானுக்குப் பொருத்தி 'ஹையென்' செய்தார். 1994 ஜனவரியில் செனகலின் நாணயமான சி.எஃப்.ஏ. ஃபிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த 'லெ ஃபிராங்க்' குறும்படத்தில் ஓர் ஏழை இசைக்கலைஞன் லாட்டரிச் சீட்டைத் தொலைக்காமலிருக்கக் கதவில் ஒட்டி வைக்கிறான். பரிசு விழுகிறது, சீட்டு கதவிலிருந்து உரியவில்லை. கதவையே முதுகில் சுமந்து டக்கார் முழுவதும் நடக்கிறான். மறுபடியும் காகிதம். 1998-இல் மாம்பெட்டி இறந்த பிறகு வெளியான 'லா பெத்தித் வாந்தெஸ் த சொலேய்' படத்தில், ஊன்றுகோலில் நடக்கும் சிறுமி சிலி, பையன்கள் மட்டும் விற்கும் அரசுச் செய்தித்தாளைத் தானும் விற்கப் போகிறாள். செம்பேனின் படங்களில் மனிதர்களை அமுக்கிய தாளை இந்தச் சிறுமி கையில் தூக்கிக் கூவி விற்கிறாள். இரண்டு கலைஞர்களையும் பார்த்தவருக்கே இந்தக் காட்சியின் முழு மகிழ்ச்சி கிடைக்கும்.

பட்டியல் போடுபவர்கள் தவறவிடும் மூன்றாவது பெயர் சஃபி ஃபாய். ஆசிரியையாக இருந்து, பிரெஞ்சு மானுடவியல் படக்காரர் ழான் ரூஷின் படத்தில் நடித்து, பிறகு பாரிசில் இனவரைவியல் படித்தவர். ஆப்பிரிக்கர்களைப் பூச்சிகளைப் போலப் பார்க்கிறீர்கள் என்று 1965-இல் செம்பேன் ரூஷிடமே நேரில் சொன்னது புகழ்பெற்ற சம்பவம். ஃபாய் அந்தப் படிப்பையே தன் செரேர் இனத்தாரின் கிராமத்துக்கு எடுத்துப் போய், வெளியாள் பார்வையைத் தலைகீழாக்கினார். 'கத்து பேகட்' (1975) கிராமத்திலிருந்து எழுதும் ஒரு கடிதமாக அமைந்த படம். நிலக்கடலை மட்டுமே பயிரிட வைத்த காலனிப் பொருளாதாரம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்கிறது, விளைச்சல் பொய்க்கிறது, திருமணச் செலவுக்குப் பணம் தேடி ஒரு இளைஞன் டக்கார் போகிறான். மரத்தடியில் உட்கார்ந்து விவசாயிகள் தங்கள் கடனைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். நடிப்பா, நடப்பா என்று பிரிக்க முடியாத பேச்சு. சஹாராவுக்குத் தெற்கே ஒரு ஆப்பிரிக்கப் பெண் எடுத்து வணிகரீதியாக வெளியான முதல் முழுநீளப் படம் இது. செம்பேனின் தியுவானாவுக்காக வேறொருவர் கடிதம் எழுதினார்; இங்கே கிராமமே தன் கடிதத்தைச் சொல்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு மாத்தி டியோப்பின் 'அத்லாந்தீக்' (2019) படத்துக்கு வந்தால் அது வேறு படமாக இருக்கும். மாத்தி, மாம்பெட்டியின் தம்பியும் இசைக்கலைஞருமான வாசிஸ் டியோப்பின் மகள். 2013-இல் 'மில் சொலேய்' என்ற நடுநீளப் படத்தில் அவர் 'டூக்கி பூக்கி'யின் மோரியாக நடித்த மகாயே நியாங்கைத் தேடிப் போனார். நாற்பது ஆண்டு கழித்தும் அவர் டக்காரில்தான் இருக்கிறார். 'அத்லாந்தீக்' படத்தில் டக்கார் கடற்கரையில் கோபுரம் கட்டும் தொழிலாளர்களுக்குப் பல மாதக் கூலி தரப்படவில்லை. அவர்கள் படகேறி ஸ்பெயினுக்குக் கிளம்பிக் கடலில் மறைகிறார்கள். இரவில் அவர்களின் ஆவி ஊர்ப் பெண்களின் உடலில் ஏறி முதலாளி வீட்டுக்குப் போய்க் கூலி கேட்கிறது. கான் விழாவில் கிரான் பிரி பெற்ற இந்தப் படத்தைப் பேய்ப்படம், காதல் படம் என்றெல்லாம் விமர்சனங்கள் வகைப்படுத்தின. எனக்கு அது கூலி பாக்கியைப் பற்றிய படம். செனகல் சினிமாவின் மிகப் பழைய கணக்கு அது.

அந்தக் கணக்கின் மிகக் கொடிய பக்கம் செம்பேனும் தியெர்னோ ஃபாத்தி சோவும் சேர்ந்து இயக்கிய 'கான் த தியாரோய்' (1988). ஜெர்மானியச் சிறைமுகாம்களிலிருந்து மீண்டு வந்த ஆப்பிரிக்கப் படைவீரர்கள் டக்காருக்கு அருகில் உள்ள தியாரோய் முகாமில் தங்கள் சம்பள பாக்கியைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சுப் படை அவர்கள் மேல் சுட்டது. 35 பேர் இறந்ததாக அன்றைய பிரெஞ்சு அறிக்கை சொன்னது. உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்பது வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து. செனகல், அல்ஜீரியா, துனிசியா ஆகிய மூன்று நாடுகள் பிரெஞ்சுப் பணம் இல்லாமல் இந்தப் படத்தை எடுத்தன. வெனிஸ் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு கிடைத்தது; பிரான்சில் பல ஆண்டுகள் திரையிடப்படவில்லை. நடந்தது படுகொலை என்று பிரெஞ்சு அதிபர் எழுத்தில் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில்தான். அரசு ஆவணம் சொல்லத் தயங்கியதை ஒரு திரைப்படம் 36 ஆண்டு முன்பே சொல்லியிருந்தது. 'பொரோம் சரெட்' படத்தில் காவலரின் காலடியில் கிடந்த பதக்கம் எந்தப் போரில் வாங்கியது, அதன் சொந்தக்காரருக்கு என்ன பாக்கி என்பதற்கான பதில் இங்கே இருக்கிறது.

செனகலிலிருந்து அடுத்து எங்கே போவது என்று கேட்பவருக்கு, வரைபடத்தில் தொலைவில் உள்ள இன்னொரு வெற்றிடத்தைக் காட்டமாட்டேன். செம்பேன் நாவலில் எழுதிய ரயில் பாதை டக்காரிலிருந்து மாலி நாட்டுக்குள் போகிறது. அதே வழியில் போகலாம். மாலியின் சுலேமான் சிஸ்ஸேயும் மாஸ்கோவில் படித்தவர். பம்பாரா மொழியில் அவர் எடுத்த 'யேலென்' கானில் 1987-இல் நடுவர் பரிசு பெற்றதால் எல்லாப் பட்டியலிலும் அதுவே இருக்கும். அதில் தொடங்க வேண்டாம் என்பேன். பம்பாரா மக்களின் இரகசியச் சடங்குகளும் மந்திரமும் நிறைந்த அந்தப் படம், முன்னறிமுகம் இல்லாதவருக்கு விசித்திரமான ஆப்பிரிக்காவாக மட்டும் தெரிந்துவிடும் ஆபத்து உண்டு. ஆலைத் தொழிலாளர்களையும் படித்த பொறியாளரையும் பற்றிய 'பாரா' (1978), இராணுவ ஆட்சியை எதிர்க்கும் மாணவர்களைப் பற்றிய 'ஃபின்யே' (1982) இரண்டையும் முதலில் பார்க்கலாம். இரண்டுமே ஃபெஸ்பாகோவின் உயர்ந்த பரிசை வென்றவை. அதன் பிறகு 'யேலென்'. அடுத்து அப்தர்ரஹ்மான் சிசாகோவின் 'பமாகோ' (2006): ஒரு சாதாரண வீட்டு முற்றத்தில் உண்மையான நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்து உலக வங்கியையும் பன்னாட்டு நிதியத்தையும் விசாரிக்கிறார்கள். சாட்சிகளில் ஒருவர் முதிய உழவர். அவர் தன் வாக்குமூலத்தைப் பாட்டாகவே பாடுகிறார். சிசாகோ அதற்குச் சப்டைட்டில் போடவில்லை. செனகலில் காதைப் பழக்கிக்கொண்டு வந்தவர் அந்தச் சில நிமிடங்களில் திணற மாட்டார்.